சாம்பிள் இல்லாத மெட்டல் டிரம்ஸ்: ரெக்கார்டிங் முதல் மிக்ஸ் வரை

இன்றைய மெட்டல் ஆல்பங்கள் பலவற்றில் நாம் கேட்கிற கிக் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்), அந்த டிரம்மர் மிதித்த கிக் இல்லை. மிதித்த நேரம் மட்டும் அவருடையது, சத்தம் வேறு ஏதோ ஸ்டுடியோவில் யாரோ அடித்துப் பதிந்து வைத்த சாம்பிள். ஸ்னேருக்கும் (அடித் தோலில் வயர் கட்டிய, வெடிப்பாக ஒலிக்கும் டிரம்) டாமுக்கும் (முழங்கும் டிரம்கள்) இதே கதைதான். இதைக் குற்றம் என்று சொல்ல மாட்டேன், வேகமான டெத் மெட்டலில் ஒவ்வொரு அடியும் தெளிவாகக் கேட்க அது சுலபமான வழி. ஆனால் எந்த பேண்டைப் போட்டாலும் ஒரே ஸ்னேர் என்று ஆகிவிட்டதில் சலிப்படைந்து, "நம்ம டிரம்மர் அடிக்கிற சத்தமே வரணும்" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். இது அவர்களுக்கு. எட்டு மைக் இன்புட் உள்ள ஒரு இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), சுமாரான ஒரு ஜாம் ரூம், நாலு பேர் பேண்ட், இவ்வளவுதான் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் மண்டையில் ஏற வேண்டும். சாம்பிள் வைத்து மிக்ஸ் செய்பவருக்கு ஓவர்ஹெட் மைக் (செட்டுக்கு மேலே வைப்பது) என்பது சிம்பல் (தட்டு) மைக் மட்டுமே, 400, 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிடுவார். நமக்கு அந்த ஓவர்ஹெட்தான் டிரம் செட். மற்ற மைக்குகள் எல்லாம் அதற்குத் துணைக்கு வருகிறவை. அப்படியானால் சிம்பல் எவ்வளவு சத்தமாக இருக்கிறது என்பதுதான் உங்கள் முழு ரெக்கார்டிங்கையும் முடிவு செய்யப்போகிறது, ஏனென்றால் ஸ்னேர் மைக்கிலும் டாம் மைக்கிலும் ஹை-ஹேட், க்ராஷ் போன்ற சிம்பல்கள் கசிந்துதான் இருக்கும், மிக்ஸில் ஸ்னேரை ஏற்றும்போதெல்லாம் அவையும் கூடவே ஏறும். கேட் (சத்தம் குறைந்ததும் ட்ராக்கை மூடிவிடும் கருவி), ஈக்யூ (குறிப்பிட்ட ஹெர்ட்ஸ் பகுதியை ஏற்றி இறக்கும் கருவி) எதைப் போட்டாலும் இது முழுதாகத் தீராது. டிரம்மரின் கையில்தான் தீரும்.

இயற்கையான சத்தம் என்பதாலேயே நல்ல சத்தம் ஆகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். மெட்டாலிகா 2003-இல் வெளியிட்ட செயின்ட் ஆங்கர் ஆல்பத்தில் ஸ்னேர் வயரை இறக்கிவிட்டு அடித்த அந்தத் தகர டப்பா ஓசையைப் பற்றி இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. அந்தப் பக்கம் ஸ்டீவ் ஆல்பினி ரெக்கார்ட் செய்த ஹை ஆன் ஃபயரின் ப்ளெஸ்ட் பிளாக் விங்ஸ், நியூரோசிஸின் டைம்ஸ் ஆஃப் கிரேஸ் இரண்டையும் நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள், ஓர் அறைக்குள் ஒரு மனிதர் உட்கார்ந்து அடிப்பது தெரியும். நாம் போக வேண்டிய திசை அது.

மைக்கைத் தொடும் முன்: டிரம்மர்

செட்டுக்கு முன்னால் இரண்டு மீட்டர் தள்ளி, நெஞ்சு உயரத்தில் ஒரு ஃபோனை வையுங்கள். பேண்டிலேயே அதிவேகமான ரிஃபையும் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி), மெதுவாக இடிக்கிற ரிஃபையும் டிரம்மர் மட்டும் தனியாக வாசிக்கட்டும். பிறகு இருவருமாகக் கேளுங்கள். க்ராஷுக்கு அடியில் ஸ்னேர் புதைந்துபோயிருந்தால் நீங்கள் எவ்வளவு விலை கொடுத்து மைக் வாங்கினாலும் அது புதைந்தேதான் இருக்கும். டிரம்மரிடம் "சிம்பலை மெதுவா அடி" என்று வாயால் சொன்னால் கோபம்தான் வரும், ஃபோனில் கேட்டால் அவருக்கே புரிந்துவிடும்.

சரிசெய்ய வழிகள் இருக்கின்றன. க்ராஷை ஒரு சாண் உயரத்துக்கு ஏற்றலாம், கை தானாகவே கொஞ்சம் அடங்கும், டாம் மைக்குக்கும் தூரம் கிடைக்கும். ஹை-ஹேட்டை ஸ்னேரிலிருந்து முடிந்தவரை இடப்பக்கம் தள்ளலாம். கனமான, பளீரென்ற சிம்பல் மேடைக்கு நல்லது, ரெக்கார்டிங்குக்கு மெல்லிய, இருண்ட சிம்பல்தான் நல்லது, இல்லையென்றால் யாரிடமாவது இரவல் வாங்குங்கள். ஹை-ஹேட்டைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு பாட்டு முழுக்க அறைகிற பழக்கம் இருந்தால் சில இடங்களில் ரைடு சிம்பலுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

அப்புறம் வேகம். ப்ளாஸ்ட் பீட்டில் (ஸ்னேரும் கிக்கும் அதிவேகமாக விழும் தாளம்) கை வேகமாகப் போகப்போக அடி மெலிந்துவிடும், இது உடம்பின் கணக்கு. சாம்பிள் இருந்தால் ஸ்னேரைத் தொட்டாலே போதும், பின்னால் ஓர் இடி வந்து விழும். இங்கே அந்த உதவி கிடையாது. ஆகவே 220 டெம்போவில் (நிமிடத்துக்கு 220 பீட்) தடவிக்கொண்டு வாசிப்பதைவிட 212-இல் ஒழுங்காக அடிப்பது கேட்பவருக்கு வேகமாகவே தெரியும். ஒவ்வொரு பாட்டுக்கும் டெம்போவை ஒரு மாதம் முன்பே முடிவுசெய்து, க்ளிக்கோடு (காதில் ஒலிக்கும் தாளக் கணக்கு) பழகிவிட்டு வரச் சொல்லுங்கள்.

தோலும் டியூனிங்கும்

பழைய தோலை வைத்துக்கொண்டு ரெக்கார்ட் செய்யாதீர்கள். செலவை எங்கே குறைத்தாலும் இங்கே குறைக்க வேண்டாம், ஒரு மைக்கை வாடகைக்கு எடுப்பதை விட்டுவிட்டாவது புதுத் தோல் வாங்குங்கள். டாமுக்கு இரண்டு அடுக்குத் தோல் (எவன்ஸ் ஜி2, ரீமோ எம்பரர் மாதிரி), கிக்குக்கு ஓரத்தில் அடக்கும் வளையம் உள்ள எவன்ஸ் ஈமேட் அல்லது ரீமோ பவர்ஸ்ட்ரோக் 3, ஸ்னேருக்கு மேலே பூச்சு போட்ட தோல். கீழ்த் தோலையும் பாருங்கள், வருடக்கணக்கில் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

மாட்டியதும் ஒரு போல்ட், அதற்கு நேரெதிர் போல்ட் என்று மாற்றி மாற்றி முறுக்கி, ஒவ்வொரு போல்ட்டுக்கும் பக்கத்தில் தட்டிப் பார்த்து எல்லா இடத்திலும் ஒரே சுருதி வரும்வரை சரிசெய்யுங்கள். மிருதங்கத்துக்குச் சுருதி சேர்ப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. டாமில் மேல் தோலும் கீழ்த் தோலும் ஒரே சுருதி என்றால் நீண்டு முழங்கும், கீழ்த் தோலைக் கொஞ்சம் ஏற்றினால் சீக்கிரம் அடங்கும். மெட்டலுக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான் வேண்டியிருக்கும். நிறையப் பேர் டாமைத் தொளதொளவென்று தளர்த்திவிட்டு "கனமாக இருக்கு" என்பார்கள். தனியாகக் கேட்கும்போது கனம்தான், கிட்டார் வந்ததும் காணாமல் போய்விடும்.

கிக் விஷயத்தில் ஒரு சின்னக் கணக்கு போடலாம். 200 டெம்போவில் டபுள் கிக் பதினாறாம் நோட்டுகளாக ஓடினால் இரண்டு மிதிக்கு நடுவில் 75 மில்லி செகண்ட்தான். 60 ஹெர்ட்ஸ் அலை ஒன்று சுற்றி முடிக்கவே கிட்டத்தட்ட 17 மில்லி செகண்ட் ஆகும். அதாவது நாலு சுற்று முடிந்து ஐந்தாவது முடிவதற்குள் அடுத்த மிதி வந்துவிடும். உங்கள் கிக் "பூம்ம்ம்" என்று நீளமாக முழங்கினால் எல்லாம் ஒன்றோடு ஒன்று கலந்து வெறும் உறுமல்தான் மிஞ்சும். அதனால் உள்ளே ஒரு தலையணையையோ மடித்த போர்வையையோ மிதிக்கும்போது சுத்தி (பீட்டர்) படுகிற தோலைத் தொடுகிறபடி வைத்து ஒலியைச் சுருக்க வேண்டும். பஞ்சு பீட்டருக்குப் பதில் மரம் அல்லது பிளாஸ்டிக் பீட்டர், அது படுகிற இடத்தில் ஒட்டுகிற ஒரு கெட்டியான பேட்ச், இவை இரண்டும் இருந்தால் அந்த "டிக்" ஓசை டிரம்மிலேயே பிறந்துவிடும். இல்லாத டிக்கை பிறகு ஈக்யூவில் கிள்ளி எடுக்கப் பார்த்தால் சிம்பல்தான் கூடவே கிளம்பி வரும்.

அறை

நம் ஊர் ஜாம் ரூம்கள் பெரும்பாலும் கான்கிரீட் பெட்டிகள், கூரை பத்தடி உயரத்துக்குள் இருக்கும். ஓவர்ஹெட்டுக்கு மேலே ஓர் அடி தூரத்தில் கான்கிரீட் என்றால் சிம்பல் அதில் பட்டுத் திரும்பி வந்து மைக்கில் இன்னொரு முறை விழும், சத்தம் கரகரவென்று ஆகும். செட்டுக்கு நேர் மேலே நாலு அங்குல ராக்வூல் (ஒலி உறிஞ்சும் பஞ்சு) பேனல் இரண்டு தொங்கவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். சுவரில் முட்டை அட்டை ஒட்டி வைத்திருப்பார்கள், அதனால் பயன் ஒன்றுமில்லை. செட்டை மூலையில் போடாதீர்கள், அறையின் சரியான நடுவிலும் வேண்டாம், இரண்டுக்கும் இடையில் நாலைந்து இடங்களில் ஒரு டாமை மட்டும் எடுத்துப்போய் அடித்துப் பார்த்து எங்கே கனமாகக் கேட்கிறதோ அங்கே போடுங்கள். டேக் ஓடும்போது ஏசியும் ஃபேனும் அணைந்திருக்க வேண்டும். வேர்க்கும்தான். டேக்குக்கு இடையில் போட்டுக்கொள்ளலாம்.

எட்டு மைக்கை எங்கே வைப்பது

ஓவர்ஹெட்டிலிருந்து தொடங்குங்கள். ஒரே மாதிரி இரண்டு கண்டென்சர் மைக், ஒன்று செட்டின் இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம். ஒரு கயிற்றை எடுத்து, ஒரு முனையை ஸ்னேரின் நடுவில் பிடித்துக்கொண்டு, இரண்டு மைக்குக்கும் தூரம் ஒன்றாக இருக்கிறதா என்று அளக்க வேண்டும். சுமார் ஒரு மீட்டர் சரியாக வரும். தூரம் வேறுபட்டால் ஸ்னேர் ஒரு காதில் முன்னாலும் மறு காதில் பின்னாலும் வந்து, மோனோவில் (இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து) கேட்டால் ஸ்னேரின் வயிறு, அதாவது கீழ் ஒலி, காலியாகிவிடும். இந்த இரண்டு மைக்கை மட்டும் ரெக்கார்ட் செய்து கேளுங்கள். இதிலேயே முக்கால்வாசி டிரம் செட் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் அடுத்த மைக்கைத் தேடிப் போகாமல் இதையே நகர்த்திப் பாருங்கள். நாலே இன்புட்தான் இருக்கிறது என்பவர்களுக்கும் வழி உண்டு. க்ளின் ஜான்ஸ் முறை என்பார்கள், ஒரு ஓவர்ஹெட் ஸ்னேருக்கு நேர் மேலே, இன்னொன்று ஃப்ளோர் டாமுக்குப் பக்கத்தில் தாழ்வாக ஹை-ஹேட்டைப் பார்த்தபடி, இரண்டும் ஸ்னேரிலிருந்து ஒரே தூரம், கூடவே கிக்குக்கு ஒன்று, ஸ்னேருக்கு ஒன்று. மெதுவான டூம் பேண்டுக்கு அதுவே தாராளம்.

கிக்குக்கு உள்ளே ஒரு மைக். முன் தோலில் ஓட்டை இருந்தால் அதன் வழியே நுழைத்து, பீட்டர் படுகிற இடத்திலிருந்து ஒரு சாணுக்குள் வைத்தால் டிக் நன்றாகக் கிடைக்கும், பின்னால் இழுக்க இழுக்க டிக் குறைந்து வயிறு கூடும். ஆடிக்ஸ் டி6 நடுப்பகுதி ஏற்கெனவே குழிந்த சத்தம் தரும், மெட்டலுக்கு வேலை குறைவு. ஏகேஜி டி112 இன்னும் கொஞ்சம் உருட்டலாக இருக்கும், பழைய ஹெவி மெட்டலுக்கு எனக்கு அதுதான் பிடிக்கும். தலையணை மேலேயே படுக்கவைக்கிற ஷூர் பீட்டா 91ஏ கிடைத்தால் டிக்குக்கு அதை மிஞ்ச ஆளில்லை.

ஸ்னேருக்கு ஷூர் எஸ்எம் 57, யோசிக்கவே வேண்டாம். விளிம்பிலிருந்து இரண்டு விரல் உயரம், தோலின் நடுவைப் பார்த்தபடி. இதில் கவனிக்க வேண்டியது மைக்கின் முகத்தைவிட முதுகைத்தான். அதன் பின்பக்கத்துக்குக் காது மந்தம், அந்தப் பக்கம் ஹை-ஹேட்டைப் பார்க்கும்படி திருப்பினால் கசிவு கணிசமாகக் குறையும். ஐந்து நிமிடம் இதற்குச் செலவழித்தால் மிக்ஸில் ஒரு ராத்திரி மிச்சம். ஸ்னேருக்குக் கீழே இன்னொரு மைக், வயரின் சரசரப்புக்காக, அதன் போலாரிட்டியை (ஒலி அலையின் மேல்கீழ் திசை) மறக்காமல் திருப்பிவிடுங்கள்.

டாம் இரண்டுக்கும் ஆளுக்கு ஒன்று, சென்ஹைசர் எம்டி 421 கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் எந்த டைனமிக் மைக்கும் போதும். எட்டாவது இன்புட் அறைக்கு. செட்டிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி, இடுப்பு உயரத்துக்குக் கீழே ஒரு மைக், மேலே வைத்தால் சிம்பல்தான் கிடைக்கும். லெட் செப்பலினின் 1971 ஆல்பத்தில் "வென் தி லெவீ ப்ரேக்ஸ்" பாட்டுக்காக ஹெட்லி கிரேஞ்ச் வீட்டுப் படிக்கட்டின் மேலே இரண்டு பேயர்டைனமிக் எம்160 மைக்குகளை வைத்து எடுத்த டிரம்ஸைக் காட்டி "அது மாதிரி வேணும்" என்று கேட்பார்கள். அந்தப் பாட்டு நடக்கிற வேகத்தில் நடப்பது, ஒவ்வொரு அடிக்கும் அறை மூச்சு விட இடம் இருந்தது. த்ராஷ் வேகத்தில் அவ்வளவு பெரிய அறைச் சத்தம் வெறும் புகை.

இன்னொரு இன்புட் எங்காவது கிடைத்தால் (ஆப்டிகல் வழியாக இன்னொரு எட்டு சேனல் ப்ரீஆம்ப் சேர்க்க முடிகிற இன்டர்ஃபேஸ்கள் நிறைய உண்டு) ஒரு தந்திரம் செய்யலாம். எலக்ட்ரானிக்ஸ் கடையில் சில்லறைக்குக் கிடைக்கும் பீசோ வட்டு ஒன்றை ஒயர் பற்றவைத்து, ஸ்னேரின் உடம்பில் டேப் போட்டு ஒட்டி, அதையும் ஒரு ட்ராக்கில் பதிந்துகொள்ளுங்கள். அதன் சத்தம் கேட்கச் சகிக்காது, யாருக்கும் கேட்கவும் போவதில்லை. ஆனால் அதில் சிம்பல் ஏறக்குறைய இருக்காது, ஸ்னேர் அடி மட்டும் ஊசி ஊசியாக நிற்கும். மிக்ஸில் கேட்டைத் திறக்கிற சாவியாக அது பயன்படும், கீழே சொல்கிறேன். சாம்பிளை இயக்கப் பயன்படுகிற அதே கருவிதான், நாம் வேறு வேலைக்கு வைத்துக்கொள்கிறோம்.

லெவலும் ஃபேஸும்

24 பிட், 48 கிலோ ஹெர்ட்ஸ் போதும். டிரம்மர் முழு பலத்தோடு அடிக்கும்போது உச்சம் மைனஸ் 10 டெசிபல் அருகில் நின்றால் சரி. சவுண்ட் செக்கில் எல்லோரும் அடக்கி வாசிப்பார்கள், சிவப்பு விளக்கு எரிந்ததும் ஆறு டெசிபல் ஏறிவிடும்.

ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 3 மில்லி செகண்ட் ஆகும். அதனால் ஸ்னேர் அடி முதலில் ஸ்னேர் மைக்குக்கும், 3 மில்லி செகண்ட் கழித்து ஓவர்ஹெட்டுக்கும் போய்ச் சேரும், இரண்டு அலைகளும் பொருந்தாமல் போவதைத்தான் ஃபேஸ் பிரச்சினை என்கிறோம். ஓவர்ஹெட்டையும் ஸ்னேரையும் சேர்த்து மோனோவில் போட்டு, ஸ்னேர் ட்ராக்கின் போலாரிட்டி பட்டனை அமுக்கி அமுக்கிப் பாருங்கள். எந்த நிலையில் வயிறு கனக்கிறதோ அதுவே சரி. கிக், டாம் ஒவ்வொன்றுக்கும் இதே சோதனை. எல்லாவற்றையும் மில்லி செகண்ட் கணக்கில் இழுத்து அலைக்கு அலை பொருத்துகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஸ்னேருக்குச் சரியாக வைத்தால் டாமுக்குத் தப்பாகும், முதலில் மைக்கை நகர்த்திப் பாருங்கள். அறை மைக்கை மட்டும் இழுக்கவே வேண்டாம், அது தாமதமாக வருவதால்தான் அறை.

டேக்

காதில் க்ளிக், கூடவே ஒரு கைடு கிட்டார். ஹெட்ஃபோன் காதை மூடுகிற வகையாக இருக்கட்டும், இல்லாவிட்டால் பாட்டின் கடைசியில் சிம்பல் தேய்ந்து மறைகிற இடத்தில் க்ளிக் டிக் டிக்கென்று ஓவர்ஹெட்டில் கேட்கும். முழுப் பாட்டை மூன்று முறை எடுத்துவிட்டு நிறுத்துங்கள். அதற்கு மேல் கால் சோர்ந்து கிக் மெலிய ஆரம்பிக்கும். ஒவ்வொரு டேக் முடிந்ததும் ஸ்னேரின் சுருதியைச் சரிபாருங்கள், ஓங்கி அடிக்க அடிக்க போல்ட் தளர்ந்து இறங்கிக்கொண்டே இருக்கும். காலையில் எடுத்த டேக்கின் முதல் பாதியும் மாலையில் எடுத்த டேக்கின் இரண்டாம் பாதியும் ஒட்ட வேண்டும் அல்லவா? கஷ்டமான பாட்டை முதலில் எடுங்கள்.

எடிட்

எட்டு ட்ராக்கையும் ஒரே குரூப்பில் பூட்டிவிட்டுத்தான் கத்தரியைத் தொட வேண்டும். ஸ்னேரை மட்டும் நகர்த்தினால் ஓவர்ஹெட்டில் இருக்கிற ஸ்னேர் அங்கேயே நிற்கும், ஒரு அடி இரண்டு அடியாகக் கேட்கும். மூன்று டேக்கிலிருந்து நல்ல பகுதிகளை எடுத்து ஒட்டுவதுதான் முக்கிய வேலை, அதுவும் க்ராஷ் அடி விழுகிற இடத்துக்குச் சற்று முன்னால் வெட்டினால் ஒட்டு தெரியாது. க்ராஷ் முழங்கிக்கொண்டிருக்கும்போது நடுவில் வெட்டினால் எந்த க்ராஸ்ஃபேடும் மறைக்காது. எல்லா அடியையும் க்ரிட்டில் (க்ளிக்கின் கோடுகள்) நூறு சதவீதம் நிறுத்தாதீர்கள். ரிஃபின் முதல் அடியும் கிட்டாரோடு சேர்ந்து விழ வேண்டிய இடங்களும் சரியாக இருந்தால் போதும், மற்றது மனிதர் வாசித்த மாதிரியே இருக்கட்டும். குச்சி விளிம்பில் பட்டு ஸ்னேர் அடி ஒன்று தோற்றுவிட்டதா? அதே டேக்கில் அதே ரிஃபின் இன்னொரு சுற்றிலிருந்து அந்த ஒரு பீட்டை எல்லா ட்ராக்கோடும் எடுத்து ஒட்டுங்கள்.

டாம் ட்ராக்கில் டாம் அடிக்காத இடங்களைக் கையாலேயே வெட்டி எடுத்துவிடுங்கள், வால் இயல்பாகத் தேய்கிறபடி ஃபேட் போட்டு. ஒரு பாட்டில் டாம் வருகிற இடம் எத்தனை இருந்துவிடப் போகிறது? இதற்குப் போய் கேட் போடுவது வீண்.

கிட்டாரும் பேஸும்

நிஜ டிரம்ஸுக்கு முன்னால் நாலடுக்குக் கிட்டார் சுவர் கட்டாதீர்கள். இடம் ஒன்று, வலம் ஒன்று, இரண்டும் தனித்தனியாக வாசித்தது, போதும். டிஸ்டார்ஷனைப் பயிற்சியில் வைப்பதைவிடக் குறைத்து வையுங்கள். 80, 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், மேலே 9, 10 கிலோ ஹெர்ட்ஸோடு முடித்துக்கொண்டால் சிம்பலுக்கு இடம் கிடைக்கும். ட்ராப் சி டியூனிங்கில் கிட்டாரின் கடைசிக் கம்பி 65 ஹெர்ட்ஸ், பேஸ் அதற்குப் பாதி. கிக்கின் அடிவயிறும் சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கும் என்பதால் யாருக்கு எந்த இடம் என்று முன்பே பிரித்துவிடுங்கள். வேகமான பேண்டில் நான் கிக்கை 75, 80 பக்கம் ஏற்றிவிட்டு, அதற்குக் கீழே பேஸுக்கு விட்டுவிடுவேன்.

மிக்ஸ்

ஓவர்ஹெட் இரண்டையும் ஏற்றுங்கள், வேறு எதுவும் வேண்டாம். 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் வெட்டுங்கள். 3 முதல் 5 கிலோ ஹெர்ட்ஸ் பகுதியில் சிம்பல் காதைக் கிழித்தால் டைனமிக் ஈக்யூ வைத்து, அது கத்தும்போது மட்டும் இரண்டு மூன்று டெசிபல் அமுக்குங்கள். இப்போது கிட்டாரையும் பேஸையும் திறந்துவிட்டு, ஓவர்ஹெட்டில் எது காணாமல் போகிறது என்று கேளுங்கள். போனதை மட்டும் க்ளோஸ் மைக்கிலிருந்து (ஒவ்வொரு டிரம்முக்கும் அருகே வைத்த மைக்) கொண்டுவர வேண்டும். கிக்கைத் தனியாகப் போட்டு ஒரு மணி நேரம் ஈக்யூ செய்வதில் அர்த்தமே இல்லை, தனியாக யாரும் அதைக் கேட்கப்போவதில்லை.

கிக்: 250 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை அட்டைப்பெட்டி ஓசை இருக்கும், அங்கே நாலைந்து டெசிபல் தாராளமாக எடுங்கள். கீழே நீங்கள் ஒதுக்கிய இடத்தில் கொஞ்சம் ஏற்றுங்கள், 4 முதல் 7 கிலோ ஹெர்ட்ஸில் டிக். கிக் டிரம்முக்குள் இருக்கிற மைக் என்பதால் கசிவு குறைவு, இங்கே கேட் போட்டாலும் ஈக்யூவை முறுக்கினாலும் தாங்கும்.

ஸ்னேரில்தான் பொறுமை வேண்டும். 200 ஹெர்ட்ஸ் அருகே உடம்பு, 400 முதல் 900-க்குள் எங்கோ ஒரு மணி ஓசை, அதைத் தேடி மெல்லிசாகக் கிள்ளி எடுங்கள், முழுதாக எடுத்துவிட்டால் ஸ்னேர் செத்துப்போகும். மேலே 5 கிலோ ஹெர்ட்ஸில் வெடிப்பு. 8, 10 கிலோ ஹெர்ட்ஸை ஏற்றினால் ஸ்னேர் பளபளப்பாகாது, ஹை-ஹேட்தான் பளபளக்கும். கம்ப்ரசரும் (உரத்த ஒலியை அமுக்கும் கருவி) அப்படித்தான், அடி முடிந்ததும் அமுக்கியதை விடும்போது கசிவு எழுந்து வரும். அட்டாக் (அமுக்க எடுக்கும் நேரம்) 20, 30 மில்லி செகண்ட் வைத்து அடியின் முதல் வெடிப்பைத் தப்பவிடுங்கள், நாலுக்கு ஒன்று விகிதம், மூன்று நாலு டெசிபலுக்கு மேல் அமுக்க வேண்டாம். ரிலீஸ் (அமுக்கியதை விடும் நேரம்) அடுத்த ஸ்னேர் அடி வருவதற்குள் முடிந்துவிட வேண்டும். 200 டெம்போ ப்ளாஸ்ட்டில் எட்டாம் நோட்டாக ஸ்னேர் விழுந்தால் இடைவெளி 150 மில்லி செகண்ட், அதற்குள்.

பீசோவை ஒட்டியவர்களுக்கு இங்கே பலன் கிடைக்கும். ஸ்னேர் ட்ராக்கில் கேட்டைப் போட்டு, அதன் சைட்செயினுக்கு (கேட் எப்போது திறக்க வேண்டும் என்று சொல்லும் இன்புட்) பீசோ ட்ராக்கைக் கொடுங்கள். பீசோ ட்ராக்கை இரண்டு மூன்று மில்லி செகண்ட் முன்னால் நகர்த்திவிட்டால் அடி வருவதற்குள் கேட் திறந்து காத்திருக்கும், முதல் வெடிப்பு கொஞ்சமும் சிதையாது. ஹை-ஹேட் அடித்து கேட் தவறாகத் திறக்கிற தொல்லையும் கிடையாது. கேட்டை முழுக்க மூடவைக்காதீர்கள், 10 முதல் 15 டெசிபல் குறைத்தாலே போதும், முழுக்க மூடினால் ஹை-ஹேட் ஒவ்வோர் அடிக்கும் எட்டிப் பார்த்துவிட்டு ஓடி ஒளிவது மாதிரி கேட்கும். பீசோ இல்லாதவர்கள் ஸ்னேர் ட்ராக்கையே நகல் எடுத்து, அந்த நகலில் 200 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை மட்டும் விட்டு மற்றதை வெட்டி, சாவியாகப் பயன்படுத்தலாம். கொஞ்சம் தடுமாறும், ஆனாலும் உதவும்.

சத்தம் இன்னும் சப்பையாக இருந்தால் கிக், ஸ்னேர், டாம் மூன்றை மட்டும் தனி பஸ்ஸுக்கு (பல ட்ராக் ஒன்றாகச் சேரும் பாதை) அனுப்பி, அதை ஒரு கம்ப்ரசரில் போட்டு நசுக்கி எடுத்து, 6 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டிவிட்டு, அடியில் மெதுவாகக் கலந்துவிடுங்கள். ஓவர்ஹெட்டை அந்த பஸ்ஸுக்கு அனுப்பினால் சிம்பல் கடல் பொங்கிவிடும். அறை மைக்கையும் நன்றாக அமுக்கி, ஸ்னேர் அடியில் மட்டும் திறக்கும்படி கேட் போட்டால் ரிவர்பே (செயற்கை அறை முழக்கம்) தேவைப்படாமல் போகலாம். தேவைப்பட்டால் ஒரு செகண்டுக்குள் முடிகிற சிறிய ப்ளேட் ரிவர்ப் ஒன்று.

இவ்வளவும் செய்தபின் மிச்சம் இருப்பதுதான் நிஜமான வேலை, ஆட்டோமேஷன் (பாட்டில் இடத்துக்கு இடம் ஃபேடரை ஏற்றி இறக்குவது). சாம்பிள் செய்துகொடுக்கிற வேலையை இங்கே உங்கள் விரல் செய்ய வேண்டும். ப்ளாஸ்ட் வரும் பகுதியில் ஸ்னேரை இரண்டு மூன்று டெசிபல் ஏற்றுங்கள். டபுள் கிக் ஓடும்போது கிக்கின் அடிவயிற்றை அதே அளவுக்கு இறக்குங்கள். மெதுவாக இடிக்கிற பகுதி வந்ததும் அறை மைக்கைத் திறந்துவிடுங்கள், வேகம் பிடித்ததும் மூடுங்கள். க்ராஷ் விழும் இடங்களில் ஓவர்ஹெட்டை ஒரு டெசிபல் அமுக்கினால் குரல் மேலே வரும். பாட்டு முழுக்க ஒரே ஃபேடர் நிலையில் நிஜ டிரம்ஸ் நிற்கவே நிற்காது. ஒரு பாட்டுக்கு ஒரு முழு மாலை இதற்கே போகும், போகட்டும்.

மாஸ்டருக்கு அனுப்பும் முன்

ஸ்னேர் உச்சங்கள் மற்ற எல்லாவற்றையும்விட உயர்ந்து நிற்கும். டிரம் பஸ்ஸில் ஒரு மென்மையான க்ளிப்பர் வைத்து இரண்டு டெசிபல் சீவிவிட்டால் காதுக்குத் தெரியாது, லிமிட்டருக்கு (உச்சத்தை ஓர் அளவைத் தாண்டவிடாத கருவி) சுமை குறையும். இறுதி லிமிட்டரில் மூன்று டெசிபலுக்கு மேல் நசுக்கினால் நீங்கள் பாடுபட்டுக் காப்பாற்றிய அடி முதலில் சாகும். ஸ்பாட்டிஃபை வழக்கமான அமைப்பில் எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்குத் தெரியும் சத்தத்தின் அளவுகோல்) அளவுக்குச் சமன்படுத்தித்தான் ஒலிக்கவிடுகிறது, அதனால் சத்தப் போட்டிக்குப் போய் லாபமில்லை. ஃபோன் ஸ்பீக்கரில் ஒரு முறை, காரில் ஒரு முறை கேளுங்கள். ஃபோனில் கிக்கின் டிக் கேட்கிறதா, காரில் டபுள் கிக் உறுமாமல் எண்ணக்கூடியதாக இருக்கிறதா, இந்த இரண்டை மட்டும் பாருங்கள். மாஸ்டரிங் வேறொருவர் செய்வதாக இருந்தால் லிமிட்டரைக் கழற்றிவிட்டு 24 பிட் வேவ் கோப்பாக அனுப்புங்கள், கூடவே டிரம்ஸில் சாம்பிள் எதுவும் இல்லை, ஸ்னேரை அமுக்க வேண்டாம் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.